உப்புக்காற்றில் ஓடும் புல்லட்டுக்குப் புது சீட்டும் குட்டை மட்கார்டும்

சீட்டும் பின் மட்கார்டும் மாற்றும் வேலையில் முதல் அளவைப் பின்சக்கரத்தில்தான் எடுக்க வேண்டும். குழியில் விழும்போது சக்கரம் எவ்வளவு தூரம் மேலே ஏறுகிறது? அது தெரிந்தால் மட்கார்டு எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். மட்கார்டு நின்றுவிட்டால் சீட்டின் அடித்தட்டு எந்த உயரத்தில் வரும் என்பதும் தெரிந்துவிடும். இதைத் தலைகீழாகத் தொடங்கி, பார்வைக்கு நல்ல சீட்டை முதலில் வைத்துவிட்டு மட்கார்டை அதன் அடியில் திணித்த வண்டிகள்தான், பின்னால் ஆள் ஏறியதும் டயர் உரசி ரப்பர் கருகும் வாடையோடு ஓரமாக நிற்கின்றன.

வண்டி கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓடும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, யு.சி.இ. இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே உறையில்) உள்ள பழைய கார்புரேட்டர் மாடல். பின் டயர் 110/90-18. பின்சக்கரப் பயணம் 80 மி.மீ. ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டு, தனிப் பின்சீட்டு, நீண்டு தொங்கும் மட்கார்டு மூன்றையும் கழற்றிவிட்டு, இருவர் உட்காரும் தட்டையான ஒரே சீட்டும் குட்டையான இரும்பு மட்கார்டும் போடுவது திட்டம். சேசிஸில் எதையும் வெட்டக் கூடாது, பழைய பாகங்களை எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்ட முடிய வேண்டும் என்ற இரண்டும் தொடக்கத்திலேயே முடிவானவை.

ஒற்றை சீட்டு பாபர் ஸ்டைலைத் தொடாததற்குக் காரணம் ஆர்.சி. அதில் இருக்கை எண்ணிக்கை இரண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் சாரி கார்டு மூன்றும் வேண்டும். இவற்றை வைத்துக்கொண்டே வண்டியைச் சுத்தமான தோற்றத்துக்குக் கொண்டுவர முடியும். எதையாவது எடுத்தே ஆக வேண்டும் என்றால், டி.என். 74 வண்டிக்கு நாகர்கோவில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் டி.என். 75 வண்டிக்கு மார்த்தாண்டம் அலுவலகத்திலும் போய்க் கேட்டுவிட்டு இரும்பில் கை வைக்கவும்.

சக்கரத்தை மேலே ஏற்றிப் பார்ப்பது

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, முன் பிரேக்கை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டவும். பின் ஷாக் இரண்டையும் கழற்றி, மேல் கண்ணுக்கும் கீழ்க் கண்ணுக்கும் இடையே மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கவும். பிறகு 25 x 6 மி.மீ. இரும்புப் பட்டையில் இரண்டு போலி ஷாக் செய்யவும். ஒவ்வொன்றிலும் மேலே ஒரு துளை, கீழே இரண்டு துளை. முதல் கீழ்த்துளை ஷாக்கின் முழு நீளத்தில் வரும். இரண்டாவது அதைவிட 80 மி.மீ. குறைவில் வரும். முதல் துளையில் மாட்டினால் சக்கரம் தொங்கும் நிலை. சக்கரத்துக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி இரண்டாவது துளையில் மாட்டினால், இரண்டு பேரோடு ஸ்பீட் பிரேக்கரில் வேகமாக இறங்கிய நிலை. ஸ்பிரிங் இல்லாததால் ஜாக்கிக்குச் சக்கரத்தின் கனம் மட்டுமே. இந்தப் பட்டைக்கு ஆகும் செலவு ஒரு சாப்பாட்டுக் காசு. ஆனால் மொத்த வேலையிலும் இதைவிடப் பயன்படும் கருவி வேறு இல்லை.

முழுதாக ஏறிய நிலையில் டயரின் உச்சிக்கும் மட்கார்டின் உள்பக்கத்துக்கும் 20 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதற்குக் குறைக்க வேண்டாம். ஷாக் முழுதாக அமுங்கும்போது மோதலைத் தாங்க உள்ளே இருக்கும் பம்ப் ரப்பர் நசுங்கும்போது சக்கரம் இன்னும் கொஞ்சம் ஏறும். புது டயர் மாற்றினால் கம்பெனிக்குக் கம்பெனி உயரம் சில மில்லிமீட்டர் மாறும். டயரில் ஒட்டி வரும் செம்மண்ணுக்கும் இடம் வேண்டும். ஆக, சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது டயருக்கு மேலே 100 மி.மீ. காலியிடம் தெரியும். அது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நினைத்துத்தான் பலர் மட்கார்டை இறக்குகிறார்கள். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியைப் பார்த்து இடைவெளியை முடிவு செய்ய வேண்டாம். ஆள் ஏறினாலே அந்த நூறில் கணிசமான பகுதி குறைந்து, கண்ணுக்கும் சரியாகிவிடும்.

பின்பக்க இடைவெளியை அளக்கும் முன் செயின் அட்ஜஸ்டரைக் கடைசி வரை பின்னால் இழுத்துவிடவும். செயின் தேயத் தேய ஆக்சில் பின்னால்தான் போகும். அந்தக் கடைசி நிலையிலும் டயருக்குப் பின்னால் 25 முதல் 30 மி.மீ. வேண்டும். பக்கவாட்டில் ஒவ்வொரு பக்கமும் 20 வைத்தால் மட்கார்டின் உள் அகலம் 150 மி.மீ. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்த வண்டி என்றால் டயரைக் கையால் பிடித்து அசைத்தாலே பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டத்தோடு எடுத்த அளவு எதுவும் நிற்காது. முதலில் புஷ், பிறகு ஸ்போக் இறுக்கி ரிம் ஓட்டம் சரிசெய்வது, அப்புறம்தான் மட்கார்டு.

ஸ்விங் ஆர்மிலேயே மட்கார்டைப் பிடித்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை, சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும் என்பது உண்மைதான். இடைவெளியும் 20 மி.மீ.யில் ஒட்டினாற்போல் அழகாக இருக்கும். ஆனால் ஷாக் தாங்காத அதிர்வு முழுவதும் அந்தத் தகட்டில் நேராக இறங்கும். புல்லட்டின் அதிர்வுக்கும் நம் உள்ரோடுகளின் குழிக்கும் பிராக்கெட் வெல்டிங் ஓரத்தில் வெடிப்பு விழுவது உறுதி. டெயில் லேம்ப்பும் அதில் என்றால் ஒயரும் நாள் முழுக்க வளைந்து வளைந்து உள்ளே அறும். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு அது வேண்டாம்.

மட்கார்டு

1.6 மி.மீ. சி.ஆர். இரும்பு ஷீட்டில் உருட்டிய வெற்று மட்கார்டு, 150 மி.மீ. உள் அகலம், 370 மி.மீ. உள் ஆரம். அதைவிட மெல்லிய தகடு போல்ட் துளையைச் சுற்றிச் சீக்கிரம் கிழியும். கனம் கூடினால் மட்கார்டைத் தாங்கும் ஸ்டே குழாய்களுக்கு வேலை கூடும். 110/90-18 டயரின் வெளி ஆரம் கணக்குப்படி 328 மி.மீ. முழுதாக ஏறிய நிலையில் உச்சியில் 20 மி.மீ. வைத்து நிறுத்தினால், பின்பக்கத்தில் தானாகவே 40-க்குப் பக்கத்தில் இடைவெளி கிடைக்கும். செயின் அட்ஜஸ்டர் தின்னும் இடம் அதிலிருந்துதான் போகிறது.

எங்கே வெட்டுவது என்பதுதான் குட்டை மட்கார்டின் முக்கியக் கேள்வி. டயரின் பின்பகுதி ஓடும்போது மேல்நோக்கி நகர்கிறது. அதில் ஒட்டிய தண்ணீர் அந்தந்த இடத்தில் டயரின் தொடுகோட்டுத் திசையில் தெறிக்கும். ஆக்சில் மட்டத்தில் விடுபடும் துளி நேர் மேலே போகும். அதற்கு மேலே விடுபடும் துளி முன்னோக்கிச் சாய்ந்து, பின்னால் இருப்பவரின் முதுகுக்குப் போகும். மட்கார்டு டயரைவிட்டு விலகி நிற்பதால், அதன் நுனிக்குக் கொஞ்சம் கீழே விடுபடும் துளிகளையும் அது பிடித்துவிடும். இருவர் ஏறி இடைவெளி 40 மி.மீ.யாக இருக்கும்போது இப்படிக் கிடைக்கும் லாபம் சுமார் 27 டிகிரி. அதாவது நுனியை ஆக்சில் கோட்டுக்கு 30 டிகிரி மேலே நிறுத்தினால் முன்னோக்கிச் சாயும் துளிகள் ஏறக்குறைய முழுதும் அடைபடும். அதுதான் எல்லை. அதற்கு மேலே வெட்டினால் சட்டை முதுகில் சேற்றுக் கோடு நிச்சயம்.

இந்த மாவட்டத்துக்கு அந்த எல்லையிலும் நிற்க முடியாது. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் இங்கே நன்றாகவே பெய்கிறது. ஓடும் வண்டியின் பின்னால் சுழலும் காற்று, மேலே போன சாரலை மறுபடி முன்னால் இழுக்கிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் பக்கக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் நுனி 20 டிகிரியில் நிறுத்தப்பட்டது. முன்பக்கம் ஸ்விங் ஆர்மை நோக்கி இறங்கி, மொத்தம் 130 டிகிரி வளைவு. 370 ஆரத்தில் அதன் நீளம் 840 மி.மீ. வெட்டுக்கோட்டை மார்க்கரால் போட்டதும் உடனே வெட்ட வேண்டாம். 30 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, டெயில் லேம்ப்பையும் நம்பர் பிளேட்டையும் டேப்பால் ஒட்டிப் பார்த்துவிட்டு மீதியை எடுக்கவும்.

முன்பகுதியை யாரும் கண்டுகொள்வதில்லை. பேட்டரி, ஏர் ஃபில்டர் பெட்டி, ஒயரிங் எல்லாவற்றையும் டயர் வீசும் சேற்றிலிருந்து காப்பது அந்தப் பகுதிதான். பழைய மட்கார்டைக் கழற்றிப் போட்டுவிடாமல், அதன் முன் துளைகளை அட்டையில் படியெடுத்து அதே இடத்தில் புதியதிலும் போட வேண்டும். முன்னால் இரண்டு எம்8 (8 மி.மீ.) போல்ட், நடுவில் சேசிஸின் குறுக்குக் குழாயில் இரண்டு எம்8, பின்னால் ஸ்டேயில் பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொரு துளைக்கும் உள்ளே 60 x 40 x 2 மி.மீ. ஒட்டுத் தகடு, அதன் மூலைகளை உருட்டிவிட வேண்டும். கூரான மூலையில்தான் அடுத்த வெடிப்பு தொடங்கும். நடு போல்ட்டுகளில் தகட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே ரப்பர் கிராமெட்டும் (துளையில் உட்காரும் ரப்பர் வளையம்) உள்ளே ஸ்லீவும் (சிறு இரும்புக் குழாய்). ஸ்லீவ் இல்லாமல் கிராமெட்டை இறுக்கினால் ரப்பர் பிதுங்கி அதிர்வைத் தாங்கும் வேலையையே விட்டுவிடும்.

மாட்டும்போது எல்லாப் போல்ட்டையும் கையால் மட்டும் போட்டு, மட்கார்டு எந்த இடத்திலும் இழுபடாமல் உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு இறுக்கவும். துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் துளையை நீட்டிக்கவும் அல்லது வாஷர் கொடுக்கவும். ஸ்பானரால் இழுத்து உட்கார வைத்த மட்கார்டு, இறுக்கம் தாங்காமல் அந்தத் துளையிலேயே ஒடியும். 8.8 கிரேடு எம்8-க்கு 22 முதல் 25 நியூட்டன் மீட்டர் போதும். தானாகத் தளராத நைலாக் நட் போடவும். அது பொருந்தாத இடத்தில் திரெட்டைப் பிடிக்கும் நீல லாக்டைட் பசை.

பின் வளையமும் கைப்பிடியும்

புது சீட்டின் பின்பாதியைத் தாங்க ஒரு வளையம் வேண்டும். 25.4 மி.மீ. வெளி விட்டம், 2.5 மி.மீ. சுவருள்ள குழாய். அதை சேசிஸில் வெல்டு செய்யாமல், பழைய கேரியரைப் பிடித்திருந்த அதே துளைகளில் 6 மி.மீ. தட்டுக் காதுகளோடு போல்ட் செய்ய வேண்டும். குழாயை வளைக்கும் டை இல்லாத பட்டறையில் காய்ந்த மணலை இறுக்கி நிரப்பி, இரு முனையும் அடைத்துச் சூடாக்கி வளைப்பார்கள். மணல் நிஜமாகவே காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் உள்ளே நீராவி அடைந்து, அடைப்பு துப்பாக்கிக் குண்டு போலத் தெறிக்கும். முதல்நாளே மணலை வாணலியில் வறுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஷாக்கின் மேல் மவுண்டுக்குப் பின்னால் வளையம் 180 மி.மீ.க்கு மேல் நீள வேண்டாம். பின்னால் இருப்பவரின் கனம் மவுண்டுக்கு எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு வளைவு விசை காதுகளில் விழும், முன்சக்கரமும் லேசாகும். வளையத்திலேயே 22 மி.மீ. குழாயில் கைப்பிடியை வெல்டு செய்துவிட்டால் விதி 123 கேட்கும் பிடியும் வந்துவிடுகிறது, மட்கார்டின் பின் ஸ்டேயைப் பிடிக்க இடமும் கிடைக்கிறது. கைப்பிடியை மட்கார்டுத் தகட்டில் மட்டும் மாட்டிய வண்டிகள் உண்டு. ஆக்சிலரேட்டர் முறுக்கும்போது ஒரு ஆள் தன் முழுக் கனத்தோடு அதைப் பிடித்து இழுப்பார். தகடு அதற்குச் செய்ததல்ல. ஸ்டேவுக்கு 12 மி.மீ. குழாய். அதன் முனையை நசுக்கித் துளை போடும் வழக்கம் இருக்கிறது. நசுங்கிய மடிப்பில்தான் முறியும். முனையில் 4 மி.மீ. தட்டுக் காது வெல்டு செய்வதே சரி.

வெல்டிங்கை வண்டியில் வைத்துச் செய்வதானால் பேட்டரி இரண்டு முனையையும் கழற்றி, ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் டி.சி.ஐ. யூனிட்டின் சாக்கெட்டையும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் சாக்கெட்டையும் உருவி வைக்கவும். பின்னாள் ஃபியூயல் இன்ஜெக்ஷன் மாடல் என்றால் இ.சி.யு., ஏ.பி.எஸ். இரண்டும் சேரும். எர்த் கிளாம்ப்பை வெல்டு செய்யும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடிக்கவும். முன்சக்கரத்தில் பிடித்தால் கரண்ட் பேரிங் வழியாகத்தான் போகும், குண்டுகளில் பொட்டு விழும். இதைவிட நல்லது, டேக் (பொட்டு வெல்டு) மட்டும் வண்டியில் வைத்துவிட்டு முழு வெல்டைக் கழற்றி மேசையில் செய்வது.

சீட்டின் அடித்தட்டு

இரும்புத் தட்டு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஃபோம் குடித்த தண்ணீர் நாள்கணக்கில் தட்டின்மேல் நிற்கும். கடற்கரைப் பகுதி என்றால் அதில் உப்பும் இருக்கும். ரெக்சினுக்கு அடியில் நடக்கும் துரு, தட்டு ஓட்டையாகும் வரை வெளியே தெரியாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என்று கரை முழுக்க ஃபைபர் வள்ளம் பழுதுபார்க்கும் மாவட்டத்தில், அந்த வேலைக்கு வாங்கும் அதே ரெசினும் கண்ணாடி இழை மேட்டும் சீட்டுத் தட்டுக்கு அற்புதமாகப் பொருந்தும். கை பழகிய ஆளும் அங்கேயே கிடைப்பார்.

தட்டின் நீளம் 620 மி.மீ., அகலம் முன்னால் 220, பின்னால் 240. மடிப்பு ஓரங்களோடு பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். 450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட் மூன்று அடுக்கு போட்டால் 3 மி.மீ. தடிமன் வரும். மேட்டின் கனம் 270 கிராம். ரெசின் அதைப் போல இரண்டரை மடங்கு, 675 கிராம். ஒரு கிலோ வாங்கினால் போதும்.

அச்சு தனியாக வேண்டாம். டேங்கைக் கழற்றிவிட்டு வண்டியின் மேலேயே வார்க்கலாம். சேசிஸ் குழாய், வளையம், மட்கார்டின் உச்சி எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கால் மூடி, தட்டு உட்காரும் இடங்களில் 10 மி.மீ. ரப்பர் துண்டுகளை ஒட்டவும். பின்னாளில் சீட்டின் ரப்பர் கால்கள் வரும் இடம் அது. மட்கார்டுக்கு மேலே 15 மி.மீ. தெர்மோகோல் வைக்கவும். வேலை முடிந்து அதை எடுத்தால் தட்டுக்கும் மட்கார்டுக்கும் இடையே வேண்டிய இடைவெளி கிடைத்துவிடும். ரெசின் தெர்மோகோலைத் தின்றுவிடும் என்பதால் அதன்மேல் பிரவுன் பேக்கிங் டேப்பை ஒரு பொட்டு விடாமல் ஒட்ட வேண்டும். டேப்பின்மேல் மெழுகு பாலிஷ் இரண்டு பூச்சு.

ரெசினை 350 கிராம் வீதம் சிறு அளவாகக் கலக்கவும். ஆக்சிலரேட்டர் (ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்) சேர்த்தே வரும் ரெசின் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும்; அதில் ஹார்டனர் மட்டும் போதும். அப்படி இல்லையென்றால் கோபால்ட் 3.5 கிராமை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி, அதற்குப் பிறகே ஹார்டனர் 3.5 கிராம். கோபால்ட்டும் ஹார்டனரும் நேராக ஒன்றோடொன்று சேரக் கூடாது. சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே அளவுக் குப்பியைப் பயன்படுத்துவதுகூட ஆபத்து. நம் ஊர் வெயிலுக்கு ஒரு சதவீத ஹார்டனர் தாராளம். இரண்டு சதவீதம் ஊற்றினால் இரண்டாவது அடுக்கை நனைக்கும் முன்பே வாளியில் புகை வரும். அடைமழை நாளில் இந்த வேலையைத் தொட வேண்டாம். ஈரம் ஏறிய மேட்டில் ரெசின் ஊறாது, வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும்.

முதல் அடுக்கை நனைத்து, பிரஷ்ஷைத் தேய்க்காமல் குத்திக் குத்திக் காற்றை வெளியே தள்ளவும். மேட் கண்ணாடி போலத் தெளிந்து அடியில் உள்ள டேப்பின் நிறம் தெரிந்தால் ஊறிவிட்டது என்று பொருள். இரண்டு அடுக்குக்குப் பிறகு, முக்கால் இஞ்ச் பி.வி.சி. ஒயரிங் பைப்பை நீளவாக்கில் பாதியாக அறுத்து, இரண்டு துண்டுகளைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் மூன்றாவது அடுக்கைப் போடவும். வள்ளத்தில் விலா எலும்பு வைக்கும் அதே முறை. இது இல்லாத 3 மி.மீ. தட்டு இருவர் கனத்தில் நடுவில் குழிந்து மட்கார்டைத் தொடும்.

சீட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளையும் அப்போதே புதைக்க வேண்டும். 50 x 50 x 3 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தட்டில் எம்8 போல்ட்டை வெல்டு செய்து, தட்டைச் சுற்றி ஆறு துளைகள். ரெசின் அந்தத் துளைகளில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். மேலே இன்னும் இரண்டு துண்டு மேட். பின்னால் இப்படி இரண்டு. முன்னால் போல்ட் இல்லை, டேங்க்குக்குப் பின்னுள்ள குறுக்குத் தட்டின் கீழ் நுழையும் ஒரு நாக்கு. டேங்க் ரப்பரில் நிற்பது, ஓடும்போது ஆடும். சீட்டுக்கும் அதற்கும் 8 மி.மீ. விடவில்லையென்றால் பெயின்ட் ஒரு மழைக்காலத்தில் உரிந்துவிடும்.

ரெசின் ரப்பர் பதத்தில் இருக்கும்போது ஓரங்களைக் கத்தியால் வெட்டினால் சுலபம். காய்ந்த பிறகு கிரைண்டர்தான். அந்தத் தூசி தோலிலும் நெஞ்சிலும் இறங்கும், மாஸ்க் இல்லாமல் தொடக் கூடாது. அவசரப்பட்டு வண்டியிலிருந்து கழற்ற வேண்டாம். பாலியெஸ்டர் ரெசின் காயும்போது சுருங்கும். பாதி காய்ந்ததை எடுத்தால் தட்டு முறுக்கிக்கொள்ளும், பிறகு நான்கு காலும் ஒருசேர உட்காராது. முழுதாக ஒருநாள் வண்டியிலேயே இருக்கட்டும். கடைசியாக, தட்டின் தாழ்வான இடம் பார்த்து நான்கு 8 மி.மீ. துளைகள், தண்ணீர் இறங்க.

ரப்பர் கால்களுக்கு நியோபிரீன் நல்லது. குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் அதிர்வு தாங்குவதில் சிறந்ததுதான். ஆனால் செயின் ஆயிலும் பெட்ரோலும் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிவிடும்.

ஃபோமும் உறையும்

அடியில் 25 மி.மீ. ரீபாண்டட் ஃபோம், 90 டென்சிட்டி. மேலே 40 மி.மீ. எச்.ஆர். ஃபோம், 40 டென்சிட்டி. மெத்தைக் கடையில் கிடைக்கும் மென்மையான ஃபோமை மட்டும் 65 மி.மீ.க்கு அடுக்கினால் கடையில் உட்காரும்போது சொகுசாக இருக்கும். அரைமணி நேர ஓட்டத்தில் உட்காருமிடம் தட்டில் இடிக்கும். சோதிக்க ஒரு வழி: சீட்டின்மேல் ஒரு முழங்காலை மட்டும் ஊன்றி முழுக் கனத்தையும் போடவும். தட்டு தெரிந்தால் ஃபோம் போதாது.

ஃபெவிகால் எஸ்.ஆர். இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒட்டவும். ஈரமாக ஒட்டினால் உள்ளே சிக்கிய கரைப்பான் காயவே காயாது. வடிவம் எடுக்க ஹேக்சா பிளேடும், முடிக்க 80 கிரிட் ஃப்ளாப் டிஸ்க்கும் போதும். ஓட்டுபவரின் தொடை உள்பக்கம் படும் ஓரத்தை நன்றாகச் சரித்துவிட்டால், சீட்டின் உயரத்தைக் குறைக்காமலே கால் தரையில் எட்டும்.

உறையில் தையல் எங்கே வருகிறது என்பதைக் குஷன் கடையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். மேல் பரப்பில் வைரக் கட்டம் போட்டுத் தைத்தால் ஒவ்வொரு ஊசித் துளையும் மழைக்கு ஒரு வாசல். தையலைப் பக்கவாட்டு மடிப்புக்கு இறக்கி, மேலே ஒரே துண்டு விடுவதே இங்கே நிலைக்கும். நூல் பாலியெஸ்டர். பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் மக்கிவிடும். ஃபைபர் தட்டில் ஸ்டேப்பிள் பிடிக்காது. ஓரத்தை மடித்துப் பசையால் ஒட்டி, 3.2 மி.மீ. அலுமினிய ரிவெட்டை வாஷரோடு 50 மி.மீ.க்கு ஒன்றாக அடிக்கவும். முதலில் முன், பின், பிறகு இரு பக்கம், கடைசியில் மூலைகள். மூலையில் சுருக்கம் நின்றால் இழுக்க வேண்டாம், வெயிலில் கொஞ்சம் காட்டினால் ரெக்சின் தளர்ந்து கொடுக்கும்.

ஒயரிங்

டெயில், பிரேக், இடது, வலது, எர்த் என்று ஐந்து ஒயர். எர்த்துக்குத் தனி ஒயர் கட்டாயம். மட்கார்டு இப்போது ரப்பரில் நிற்கிறது, பெயின்ட்டும் அடித்தாயிற்று. அது எர்த் ஆகாது. பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதென்றால் வேறு எங்கும் தேட வேண்டாம், எர்த்தைப் பாருங்கள். படகுக்கு விற்கும் வெள்ளீயம் பூசிய ஒயர் கிடைத்தால் அதையே போடவும். சாதாரணச் செம்பு ஒயர் உப்புக்காற்றில் உறைக்கு உள்ளேயே கறுத்துக்கொண்டு போகும்.

ஒயர் மட்கார்டின் உள்பக்கம் போகும் இடத்தில் போலி ஷாக்கை மறுபடி மாட்டி, சக்கரத்தை ஏற்றிப் பார்க்கவும். தொங்கும் ஒரு கேபிள் டை போதும், டயர் பிடித்து மொத்த ஒயரையும் உருவிவிட. ஓரமாக ஸ்லீவில் போட்டு, துளையில் கிராமெட் வைத்து, 100 மி.மீ.க்கு ஒரு கிளிப். எல்.இ.டி. இண்டிகேட்டர் போட்டால் பழைய ஃப்ளாஷர் படபடவென்று அடிக்கும், பல்பு ஃபியூஸ் என்று நினைத்துக்கொள்ளும். எல்.இ.டி.க்கான ஃப்ளாஷர் மாற்றவும். ரெசிஸ்டர் வைத்துச் சமாளிப்பது சீட்டுக்கு அடியில் ஒரு சூட்டை வைப்பது. நம்பர் பிளேட் 200 x 100 மி.மீ., அதற்கு வெளிச்சம், கீழே சிவப்பு ரிஃப்ளெக்டர்.

பெயின்ட்டும் போல்ட்டும்

மட்கார்டின் வெளிப்பக்கத்துக்கு எவ்வளவு கவனம் எடுக்கிறோமோ அதைவிடக் கூடுதலாக உள்பக்கத்துக்கு எடுக்க வேண்டும். மணவாளக்குறிச்சிக் கரை மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் இருக்கிறது. உப்புத்தாள் செய்யவும் இரும்பைப் பிளாஸ்டிங் செய்யவும் பயன்படுகிற கல் அது. கடற்கரைச் சாலையில் ஓடும் டயர் அதைத்தான் மட்கார்டின் உள்பக்கத்தில் ஓயாமல் வீசுகிறது. அதனால் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், மேலே ரப்பர் கலந்த அண்டர்பாடி கோட்டிங். உருட்டிய விளிம்பின் மடிப்புக்குள் உப்புநீர் தங்கும். நுனியில் 10 மி.மீ. திறந்துவிட்டால் வடிந்துவிடும்.

போல்ட்டில் 304 எஸ்.எஸ். கடற்கரையில் பழுப்புக் கறை பிடிக்கும், 316 தாங்கும். சீட்டுக்கும் மட்கார்டுக்கும் எஸ்.எஸ். போடலாம், திரெட்டில் காப்பர் கிரீஸ் தடவாமல் இறுக்கினால் நட்டும் போல்ட்டும் ஒன்றாகக் கடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஷாக் மவுண்ட், ஆக்சில் இரண்டிலும் கம்பெனி போல்ட்டைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பது

பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணை 30 மி.மீ. உயரத்துக்கு உருட்டி, மட்கார்டின் உள்ளே உச்சியில் ஒன்று, பின் நுனிக்குப் பக்கத்தில் ஒன்று, இரு பக்கவாட்டிலும் 20 மி.மீ.க்குக் குறைந்த உயரத்தில் ஒவ்வொன்று ஒட்டவும். ஷாக்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) மிகக் குறைந்த படியில் வைத்து, இருவர் ஏறி, தெரிந்த ஒரு ஸ்பீட் பிரேக்கரில் கொஞ்சம் வேகமாக இறக்கவும். உச்சிக் களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் நிஜ இடைவெளி தெரியும். 15 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் நடு பிராக்கெட்டுக்கு வாஷர் கொடுத்து மட்கார்டை ஏற்றவும். சீட்டுக்கு அடியில் 15 மி.மீ. வைத்தது இதற்கும் சேர்த்துத்தான். ஆனால் அதில் ஐந்துக்கு மேல் எடுக்கக் கூடாது. பக்கவாட்டுக் களிமண்ணில் டயர் தடம் இருந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் சக்கர அலைன்மென்ட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

முதல் 100 கிலோமீட்டரில் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கவும். ரப்பர் உட்காருவதால் நடு போல்ட்டுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். 500 கிலோமீட்டரில் சீட்டைக் கழற்றி, ஒட்டுத் தகடுகளின் ஓரம், காதுகளின் வெல்டு, ஸ்டே முனை மூன்றையும் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்க்கவும். பெயின்ட்டில் முடி போல ஒரு கோடும் அதன் ஓரத்தில் துருப் பழுப்பும் தெரிந்தால் அது வெடிப்பு. அதன்மேல் அப்படியே வெல்டு ஓட்டாமல், கோட்டின் முனையில் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்தி, பிறகு அடைத்து, பின்னால் பெரிய ஒட்டுத் தகடு கொடுக்கவும். கடற்கரை ஓட்டம் உள்ள வண்டி என்றால் வாரம் ஒருமுறை மட்கார்டின் உள்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவவும். ஸ்டே பிடிக்கும் மூலைகளில்தான் மணல் தங்கும், ஹோஸைக் கீழிருந்து மேலாகக் காட்டினால்தான் அது வெளியே வரும்.